கடலோரமாகவே முட்டம் வரை

மே 3, சனி

வெயில். காலை ஒன்பதுக்கே ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு, என் ஆம்னி வேனுக்கு ஜூன் வரை டிரிப் கிடையாது. இன்று செய்தது: நாலு டயரும் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிய பபிள்கம் சுரண்டினேன். பதினொன்று! சனியன்கள்.

மத்தியானம் தங்கச்சி சுமதியைப் பார்க்க ஊருக்கு. மானாம்பதி தாண்டி ஆறு கிலோமீட்டர். தாவாங்கட்டை ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது.

"இன்னாடி இது?"

"மாடு முட்டிச்சிக்கா."

அந்த வீட்டில் மாட்டை விற்று இரண்டு வருஷம். பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம். மாடு என்றது அவள் புருஷன் ஏழுமலையை. இனிமேல் இந்த நோட்டில் அவன் ஏ. முழுப் பேர் எழுதினால் பேனா நாறிவிடும்.

காரணம், குழம்பில் உப்பு. போன மாதம் அவன் செருப்பைத் திருப்பிப் போட்டாளாம். அதற்கு முந்தின மாதம் காரணமே இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் விலா எலும்பு ஒரு தடவை, இடது கை ஒரு தடவை. ஐந்து மாசத்து வயிறு ஒரு தடவை, அதோடு பிள்ளையும் இல்லை.

"கெளம்பு. இப்பவே வண்டில ஏறு."

"உன் வூட்டுக்கு வந்தா மட்டும்? மறுநாளே வந்து இஸ்துகினு போயிடறாரு."

அது உண்மைதான். மூன்று தடவை உத்திரமேரூரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்று தடவையும் தெருவில் நின்று கத்தினான், அழுதான், காலில் விழுந்தான், கூட்டிப் போனான். கடைசித் தடவை என் கதவைக் கடப்பாரையால் பெயர்த்தான். வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னது: "இன்னா இருந்தாலும் புருஷன்."

ஒரே நாளில் வந்து சேர முடியாத தூரத்துக்கு அவளைக் கொண்டு போக வேண்டும்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். கரண்ட் இல்லை.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். வாலாஜாபாத் பக்கம் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது சொந்த ஊரில், கன்னியாகுமரி தாண்டி முட்டத்தில், தையல் கடை வைத்திருக்கிறாள். எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு: "மிஷின் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. மாடில ரூமும் உண்டு. கொண்டு வந்து விடு மக்கா."

முட்டம். அங்கே பாறையில் அலை மோதினால் தென்னை உயரத்துக்கு எழும்பும் என்று டிபன் டப்பாவைத் திறக்கும் போதெல்லாம் சொல்லுவாள். இருக்கட்டும், ஏ. அங்கே வந்தால் மோதிப் பார்க்கட்டும்.

வெளியே சொல்ல: டூர். ராமேஸ்வரத்தில் பிள்ளை வரம் கேட்டு முழுக்கு, அப்படியே கன்னியாகுமரி. பிள்ளை வரம் என்றால் எந்த மாமியார் வீடும் வாயைத் திறக்காது.

மே 5, திங்கள்

பஷீர் பாய் ஒர்க்‌ஷாப். ஆயில் மாற்றியாச்சு, பிரேக் ஷூ மாற்றியாச்சு. பாய் வருஷா வருஷம் நாகூர் போகிறவர். அங்கிருந்து கீழே இராமநாதபுரம் வரை அவருக்குச் சொந்தக்காரர்கள்.

"ஹைவேஸ்ல போம்மா கலா. திருச்சி, மதுரைன்னு ஒரே ராவுல போயிடலாம். கடலோரமா போனா டபுள் நேரம், டபுள் பேஜாரு."

போக முடியாது, பாய். ஏ. எட்டு வருஷம் லாரி ஓட்டியவன். ஹைவேஸில் ஒவ்வொரு டீக்கடையிலும் அவனுக்கு ஒரு மச்சான் இருக்கிறான். கடலோரத்தில் ஒரு நாய்க்கும் அவனைத் தெரியாது. இதைப் பாயிடம் சொல்லவில்லை. கடல் பார்க்க ஆசை என்றேன். சிரித்துவிட்டுப் பழைய காலண்டர் அட்டையில் வழி எழுதிக் கொடுத்தார். இங்கே காப்பி:

உ.மேரூர் – மதுராந்தகம் – செய்யூர். அங்கிருந்து இடது கைப் பக்கம் கடல். அதை விடவே கூடாது.
மரக்காணம்: உப்பளம். வெயிலில் கண் கூசும்.
பாண்டி: உள்ளே போகாதே, டிராஃபிக்.
கடலூர் – சிதம்பரம் – தரங்கம்பாடி – காரைக்கால்.
நாகூர்: முதல் ராத்திரி. பாயின் சின்னம்மா வீடு.
கோடியக்கரை: ரோடு அங்கேயே முடிகிறது. வந்த வழியே திரும்பு.
முத்துப்பேட்டை – மீமிசல் – தொண்டி – தேவிபட்டினம்.
ராமநாதபுரம்: இரண்டாம் ராத்திரி.
கீழக்கரை – சாயல்குடி – தூத்துக்குடி – திருச்செந்தூர் – மணப்பாடு. மணல் ரோட்டில் ஏறும். ஹேண்ட்பிரேக் பார்த்துப் போடு.
கன்னியாகுமரி. அங்கே திரும்பினால் வேறு கடல்.
முட்டம்.

கடைசி வரி நானே எழுதியது.

மே 6, செவ்வாய்

நாசமாய்ப் போச்சு.

ஏ.விடம் போய் மரியாதையாய்ப் பேசினேன். ராமேஸ்வரம், பிள்ளை வரம், அஞ்சு நாள். பல் குத்திக்கொண்டே கேட்டான்.

"நல்ல விஷயந்தான் அண்ணி. நானும் வரேன்."

"உனக்கு இன்னாத்துக்குச் சிரமம்?"

"பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா ஊர் மேயறதா? ஊரு காறித் துப்பும். வண்டியும் நானே ஓட்டறேன். உனுக்கு இன்னா ஓட்டத் தெரியும்? ஸ்கூலுக்கும் வூட்டுக்கும் ஓட்டறதெல்லாம் ஓட்டறதா?"

பதினான்கு வருஷமாய் ஓட்டுகிறேன். ஒரு கோழி மேலேகூட ஏற்றியதில்லை. ஏற்ற வேண்டியவன் எதிரில் நின்று பல் குத்துகிறான்.

சுமதி சமையற்கட்டிலிருந்து டீ கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளர் ஆடியது. தரையில் ஒரு சொட்டு விழுந்தது. ஏ. அந்தச் சொட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். நான் கிளம்பியதும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பினேன்.

மே 7, புதன்

தூக்கம் இல்லை. நாஷ்டா இறங்கவில்லை.

எலி பேஸ்ட், வழியில் அவன் டீயில். கோடியக்கரை சேற்றில் தள்ளுவது. வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே சட்டி கழுவினேன், சட்டி பளபளவென்று ஆச்சு. இதை எழுதுவது தப்பென்றால் தப்புதான். யோசிக்கும்போது ஆசையாய் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சுமதி ஊர் திரௌபதி அம்மன் பாரதத் திருவிழா. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு, பத்தாம் நாள் ஞாயிறு படுகளம், தீமிதி. மறுநாள் காப்பு அறுப்பு.

நோட்டீஸ் முன்னாலேயே நின்றேன், ரொம்ப நேரம்.

படுகளத்துக்கு, அதுதான் துரியோதனனைக் கொல்கிற கூத்துக்கு, தரையில் பெரிய துரியோதனன் பொம்மை மண்ணால் செய்வார்கள். முதல் மண் வெட்டிப் போடும் முறை ஏ. வம்சத்துக்கு. ஒரு வருஷம் இவன் வீடு, மறு வருஷம் பங்காளி தண்டபாணி வீடு. வெட்டுகிறவன் கையில் காப்பு. காப்புக் கட்டினவன் பத்து நாளும் கோயிலில்தான் படுக்க வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வம்சம் விளங்காது. ஏ. போலீஸுக்குப் பயப்படாதவன். இதற்குப் பயப்படுவான்.

இந்த வருஷம் தண்டபாணி முறை.

மே 8, வியாழன்

ஊருக்குப் போனேன். கையில் பலாச்சுளை. ஏ. வாசலில் கட்டிலில் இருந்தான்.

"இன்னா ஏழுமல, இந்த வருஷம் தண்டபாணி மண்ணு வெட்டறானாமே. டீக்கடைல சொல்லிகினு கீறான்."

"அவன் முறை. வெட்டட்டும்."

"அது சரி. இனிமே எல்லா வருஷமும் எங்க வூடுதான்னு சொல்லிகினு கீறான். வாரிசு கீறவந்தான் வெட்டணுமாம். மலடன் வெட்டினா அம்மன் ஏத்துக்குமான்னு கேட்டானாம்."

தண்டபாணி அப்படிச் சொல்லவே இல்லை. பாவம், நல்ல மனுஷன். பிள்ளைகளை என் வண்டியில்தான் அனுப்புகிறான்.

ஏ. சுளையைக் கீழே வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. வேறு பேச்சு பேசிவிட்டு எழுந்தேன். திரும்பும்போது ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டேன். சந்தோஷத்தில் போட்டது என்று எழுதத் தயங்குகிறேன். ஆனால் அதுதான்.

மே 9, வெள்ளி

காப்புக் கட்டு. சாயந்திரம் ஐந்து மணி. புழுக்கம், மேகம், மழை இல்லை.

பூசாரி மஞ்சள் கயிறு எடுத்தார். தண்டபாணி குளித்து ஈர வேட்டியோடு கையை நீட்டினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏ. வந்தான்.

"எவன்டா மலடன்?"

தண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா சொல்ற" என்று திரும்புவதற்குள் மண்வெட்டிக் காம்பு நெற்றியில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம். தண்டபாணி தம்பி பாய்ந்து ஏ. காதைக் கடித்தான். நிஜமாகக் கடித்தான், வாயெல்லாம் ரத்தம். பம்பைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் பம்பையை அடித்துக்கொண்டே இருந்தார். பெண்கள் ஓலம். யாரோ கத்தினார்கள்: "அம்மன் முன்னாடி ரத்தம்டா, நிறுத்துங்கடா!"

நிறுத்தினார்கள். தண்டபாணியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஏ. காதைப் பிடித்துக்கொண்டு பூசாரி எதிரில் போய் வலது கையை நீட்டினான்.

"கட்டு."

ஊர்ப் பெரியவர் யோசித்துச் சொல்லு என்றார். டூர் போவதாய்ச் சொன்னாயே என்றார்.

"டூரு கெடக்குது மயிரு. கட்டு."

நல்ல நேரம் முடிவதற்குள் கட்டிவிட்டார்கள். எனக்கு எதிரில், பத்தடியில். ஒரே முடிச்சில் பத்து நாள் வாங்கிவிட்டேன். தண்டபாணிக்கு ஒன்பது தையல்.

மே 10, சனி

சுமதிக்குப் போன் எடுக்கவில்லை. நேரில் போனேன்.

அடித்திருக்கிறான். நேற்று கோயிலுக்குப் படுக்கப் போகுமுன் வீட்டுக்கு வந்து, கட்டின கயிறு ஈரம் காயுமுன். மலடன் என்று ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தவள் நீதானே என்று. இடது கன்னத்தில் மஞ்சள் கறை, கயிற்றின் தடம் அச்சாய். உதட்டில் இரண்டு இடம் கிழிசல்.

என் பொய். அவன் கை. அவள் உதடு.

அவளிடம் சொல்லவில்லை. மஞ்சளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். "யாரோ அவர்கிட்ட இன்னான்னவோ சொல்லிகிறாங்கக்கா. எவ வாயோ, புழு வெக்கும்" என்றாள். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"புதன்கெழம மத்தியானம் கெளம்பறோம். ரெண்டு மணிக்கு. பாரதப் பிரசங்கம் நடக்கும்போது ஊரே பந்தல்ல இருக்கும்."

"டூரு காப்பு அறுத்தப்புறம்னு அவரு..."

"டூரு இல்லடி. திரும்பி வர்றதில்ல."

முதல் தடவையாய்ச் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். பிறகு கேட்டது: "அங்க கடல் சத்தம் ராத்திரிலயும் கேக்குமா?"

கேட்கும் என்றேன்.

மே 12, திங்கள்

வெயில் நூற்று நாலு என்கிறார்கள். எடுத்துக்கொள்ள:

தண்ணீர் கேன் 2. ஸ்டெப்னி காற்று பார்த்தாச்சு. ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு. சுமதியின் ஆதார், ரேஷன் கார்டு (அவள் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாள்). புடவை 4, பழசு. புளிச்சோறு. எலுமிச்சங்காய், அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. வலி மாத்திரை.

விட வேண்டியது: அவள் கொலுசு. சத்தம். அவள் போன். ஊரிலிருந்து யாரும் கூப்பிட வேண்டாம்.

பாய் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் புதுப் பூட்டு போட்டுக் கொடுத்தார். "நல்லபடியா போய்ட்டு வா." வா என்றதும் குனிந்து பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பாய்க்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கேட்கவில்லை.

மே 14, புதன்

நாகூர். ராத்திரி, பாயின் சின்னம்மா வீடு.

இரண்டு மணி. தெருவில் நாய் மட்டும். மைக்கில் பிரசங்கம், திரௌபதி சபையில் நின்று கேள்வி கேட்கிற இடம். சுமதி பையோடு ஓடி வந்து முன் சீட்டில் ஏறினாள். பின்னால் ஏறு என்றேன், கேட்கவில்லை.

எல்லைக் கல்லுக்கு முப்பதடி இருக்கும்போது புளியமரத்துக்குப் பின்னாலிருந்து ஏ. வெளியே வந்தான். விரதத்துக்குப் பயந்து ஒளிந்து பீடி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அரை நொடி பார்த்தான், புரிந்துவிட்டது. ஓடி வந்து ஜன்னலுக்குள் கைவிட்டு அவள் பின்னலைப் பிடித்துவிட்டான்.

வண்டியை நகர்த்தினால் கழுத்து போய்விடும். நிறுத்தினேன். அவன் ஜன்னல் வழியாகவே அவளை வெளியே இழுத்தான். தலை கதவுச் சட்டத்தில் இடித்தது, ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் கத்தவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீல் ஸ்பேனரோடு இறங்கினேன். சுற்றி வந்தேன். மணிக்கட்டில், காப்பு மேலேயே. முதல் அடியில் பிடி விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடி முழங்காலில். அது என் கதவுக்கு.

"அண்ணி, வேணாம் அண்ணி" என்றான். எனக்கு இனித்தது.

சுமதியை உள்ளே தள்ளி வண்டியை எடுத்தேன், கல்லைத் தாண்டி நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தேன். நொண்டிக்கொண்டு கல் வரைக்கும் வந்தான். கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினான். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

செய்யூர் தாண்டித்தான் சுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு. "இன்னாக்கா இது, பனியா?" என்றாள். சிரித்தோம். அவள் காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது.

மே 15, வியாழன்

கோடியக்கரை. ரோடு முடிந்துவிட்டது. பாய் சொன்னபடி திரும்பினோம். அதற்கு முன் அவள் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றாள், முக்கால் மணி நேரம். நான் கூப்பிடவில்லை.

இரண்டு தடவை வாந்தி. எலுமிச்சங்காய் தீர்ந்துவிட்டது. தொண்டியில் மீன் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டாள். உப்பு தூக்கல். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ராத்திரி ராமநாதபுரம் லாட்ஜில் என் போனைக் கேட்டாள். ஸ்டெல்லாவிடம் பேசப் போகிறாள் என்று கொடுத்தேன்.

மே 16, வெள்ளி

மணப்பாடு. காற்று மணலை வாரி மூஞ்சியில் அடிக்கிறது. மேட்டில் சர்ச், கீழே பாறை, மூன்று பக்கமும் கடல். இவ்வளவு அழகாய் ஒரு இடம் நான் பார்த்ததில்லை.

பாறையில் உட்கார்ந்திருந்தோம், நாலு மணி. நாளைக்கு முட்டம் என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து பக்கத்து வூட்டு அம்சாகிட்ட பேசினேன்க்கா. அவருக்கு எலும்பு ரெண்டாப் போச்சாம். காப்பு கீறதால ஆஸ்பத்திரிக்கும் போவ மாட்டேங்கிறாராம். கோயில்லயே கட்டு போட்டுகினு கெடக்கிறாராம். வலது கைக்கா. எப்டி சாப்புடுவாரு?"

பாறையில் ஒட்டியிருந்த சிப்பியை நகத்தால் சுரண்டினேன்.

"திங்கக்கெழம காப்பு அறுக்கறாங்க. அதுக்குள்ள போயிடலாம்க்கா. நாந்தான் ஊட்டணும், வேற யாரு கீறா? இப்ப அவரால அடிக்கக்கூட முடியாது."

அறைந்துவிட்டேன்.

என் கை எப்போது எழுந்தது என்று தெரியாது. பலமாக. மஞ்சள் கறை இருந்த அதே கன்னம். அவள் பாறையில் சாய்ந்தாள். உடனே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு, அவனிடம் சொல்கிற குரலில் என்னிடம் சொன்னாள்:

"தப்புதான். இனிமே கேக்க மாட்டேன். தப்புதான்."

சுமதி, நான்டி, அக்காடி என்றேன். கையை எடுக்கவில்லை. கிட்டே போனேன், இன்னும் சுருண்டாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவர் சொன்னது கேட்டது: "அடிச்சிக் கூட்டிட்டுப் போறா போல, பாவம்."

இப்போது ஆறு மணி. வண்டிக்குள் பின் சீட்டில் இருக்கிறாள். தூங்கவில்லை. நான் வெளியே மணலில் இருந்து எழுதுகிறேன். முட்டமா ஊரா, நீயே சொல்லு, அங்கே விடுகிறேன் என்றேன். "நீ சொல்றதுதான்க்கா" என்கிறாள். மூன்று தடவை கேட்டுவிட்டேன், மூன்று தடவையும் அதுவே. சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.